இந்தியக் கோர்: பிரான்சுப் போர்முனையில் பதினான்கு மாதங்கள் (1914–1915)

முதலாம் உலகப் போரின் வரலாற்றை எழுதுவோர் பிரான்சு நாட்டிலே இந்தியப் படை போரிட்ட பதினான்கு மாதங்களைச் சில வரிகளிற் கூறி அப்பாற் செல்வது வழக்கம். அவ்வரிகளிற் பெரும்பாலும் காணப்படும் கருத்து ஒன்றேயாம். வெப்ப நாட்டினராகிய சிப்பாய்கள் ஐரோப்பியக் குளிரைத் தாங்கமாட்டாது உளந்தளர்ந்தனர் என்பதும், அதனாலேயே 1915ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் அம்முனையினின்றும் அகற்றப்பட்டனர் என்பதுமே அது. கேட்பதற்கு எளிதாகவும் நம்புதற்கு இயல்பாகவும் இருத்தலின் இக்கூற்று நூலுக்கு நூல் தாவி நிலைபெற்றுவிட்டது. ஆயின் அப்படை எவ்வாறு அமைக்கப்பட்டது, எவ்வாறு நிரப்பப்பட்டது என்பவற்றை உற்றுநோக்குவார்க்குக் குளிர் இரண்டாம் இடத்தையே பெறும் என்பது புலனாகும்.

'கோர்' என்பது பிரெஞ்சு மொழியில் உடல் எனப் பொருள்படும் சொல். காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை ஆகிய மூன்றையும் ஒரு தலைவனின் கீழ் இணைத்து, பிற படைகள் வந்துசேரும்வரை ஒரு நாளேனும் தனித்துப் போர்செய்யத்தக்க உறுப்பாக அதனை வளர்த்தவன் நெப்போலியன். 1914இல் ஒரு கோர் என்பது பொதுவாக இரண்டு அல்லது மூன்று டிவிசன்களையும், அவற்றை நடத்தும் தலைமை அலுவலர் குழுவையும் கொண்டது. டிவிசனுக்கு மூன்று பிரிகேட்டுகள்; பிரிகேட்டுக்கு நான்கு பற்றாலியன்கள். இவற்றுள் எதனை இழப்பினும் ஈடுசெய்துகொள்ளலாம். தலைமை அலுவலர் குழுவையும், இழந்த ஆட்களுக்கு ஈடாக ஆட்களை அனுப்பும் ஒழுங்கையும் உடனடியாக உண்டாக்க முடியாது. இந்தியாவில் இல்லாதிருந்தவை இவ்விரண்டுமே.

1914 ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் படையில் ஏறக்குறைய 1,50,000 இந்தியர் இருந்தனர். கிச்சினர் பிரபு 1902 முதல் 1909 வரை அப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தபோது பழைய சென்னை, பம்பாய், வங்காளப் படைகளின் எச்சங்களை ஒன்றாக்கி, எல்லாப் பற்றாலியன்களுக்கும் தொடர் எண் வழங்கி, அவற்றை டிவிசன்களாகப் பகுத்தார். சீரிய திருத்தமே அது. எனினும் அத்திருத்தம் வடமேற்கு எல்லையை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. மலைநாட்டுக் குடிகளோடு சில வாரங்கள் பொருதல், அல்லது ஆப்கானித்தானத்தின் ஊடாக உருசியர் வரின் தடுத்தல் என்பனவே அன்று எதிர்பார்க்கப்பட்ட போர்கள். நாளொன்றுக்கு ஒரு பற்றாலியனை விழுங்கும் போரை எவரும் எண்ணிப் பார்த்திலர்.

இந்தியப் பற்றாலியன் ஒன்றில் சிப்பாய்கள் 750 பேர்வரை. அவர்களோடு பிரித்தானிய அதிகாரிகள் 12 அல்லது 13 பேர். பிரித்தானியப் பற்றாலியனிலோ 1,000 பேர்வரை. அதிகாரிகள் 30 பேரளவினர். சிப்பாய்களுக்கும் பிரித்தானிய அதிகாரிகளுக்கும் இடையே சுபேதார், ஜெமதார் என்னும் பதவிகளில் இந்திய அதிகாரிகள் இருந்தனர். நெடுங்காலச் சேவையும் வீரமும் உடைய இவர்கள் எத்துணை மூத்தவராயினும் நேற்று வந்த இளம் பிரித்தானிய அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவரே. போர்ப்படையில் மன்னரின் ஆணைப்பதவி இந்தியருக்கு வழங்கப்படத் தொடங்கியது 1917இலே தான். ஆகவே பன்னிரு பிரித்தானியர் வீழ்ந்தால் அப்பற்றாலியன் தலையிழந்த உடலாகும். அவர்தம் இடத்தை நிரப்ப வருபவன் சிப்பாய்களின் மொழியை அறிந்திருத்தலும் வேண்டும். அத்தகையோரை வழங்குதற்கென அமைந்த இந்தியப் படையின் சேம அதிகாரிகள் போர் தொடங்கியபோது 40 பேரளவினரே!

ஆட்சேர்ப்பு முறையும் இதனின் மேம்பட்டதன்று. கொம்பனிகள் குலம், சமயம், நாடு பற்றிப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒன்றிற் சீக்கியர், மற்றொன்றிற் டோகரர், பிறிதொன்றிற் பஞ்சாபி முஸ்லிம்கள் என அமையும். வீழ்ந்த சீக்கியனின் இடத்திற்குச் சீக்கியனே வரவேண்டும். ஒவ்வொரு பற்றாலியனும் பெரும்பாலும் தனித்த படையாகவே இருந்தமையால், ஒத்த குலத்தினரைக் கொண்ட மூன்று நான்கு பற்றாலியன்களை ஒன்றோடொன்று தொடுத்து, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புக என விதித்திருந்தனர். ஒரு பற்றாலியனைக் காக்க மற்றொன்றைச் சிதைத்தலே இதன் பயன். சேமப்படையினரோ ஊர்களிற் சிறு கொடுப்பனவு பெற்று உழவுசெய்து வாழ்ந்தவர். அழைப்பு வந்தபோது அவருட் பலர் முதுமையடைந்து உடல்நலங் குன்றியிருந்தனர். பிரான்சுவரை வந்து தகுதியற்றவர் எனத் திருப்பி அனுப்பப்பட்டோரும் உளர்.

இவ்விடத்தில் தமிழர் வரலாற்றோடு தொடர்புடைய ஒரு செய்தி குறிப்பிடற்பாலது. சென்னைப் படையின் தலைவராக 1881 முதல் 1885 வரையும், பின்னர் இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதியாக 1893 வரையும் இருந்த ரோபேட்சு பிரபு, தென்னாட்டார் போர்க்குணம் இழந்தவர் என்றும், வடமேற்கினரும் கூர்க்கரும் போன்ற 'போர்க்குலத்தாரே' படைக்கு உரியவர் என்றும் கருதினார். அவர் கருத்தே கொள்கையாயிற்று. தென்னாட்டுப் பற்றாலியன்கள் பல கலைக்கப்பட்டன. அன்றி வடநாட்டாரால் நிரப்பப்பட்டன. 1914இல் இந்தியப் படையின் ஏறக்குறைய பாதிப்பேர் பஞ்சாபு மாகாணத்தினர். பரந்த ஒரு துணைக்கண்டம் இருக்க, ஒரு மாகாணத்தின் சில மாவட்டங்களிலேயே ஆட்களைத் தேடுமாறு அரசு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டது. பாளையங்கோட்டையின் பெயர்தாங்கிய 63ஆம் பற்றாலியன் 1914 நவம்பரிற் கிழக்காபிரிக்காவிலே தாங்காத் துறைமுகத்தருகே சிதறியோடியமையை அக்கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவாருமுளர். பல்லாண்டு புறக்கணிக்கப்பட்ட பற்றாலியனைத் திடீரெனப் போரில் இறக்கிவிட்டு, அது தோற்றதற்குக் குலத்தைக் காரணங்காட்டுதல் நேர்மையாகாது. தென்னாட்டாரை உடைய சென்னைச் சப்பர்கள் இக்கோருடன் பிரான்சுக்குச் செல்லவில்லை. ஆயினும் அப்படையைச் சேர்ந்த மக்கிளின்ரொக் என்பார் பெங்களூரில் 1912இல் அமைத்த 'பெங்களூர் டோர்ப்பிடோ' என்னும் வெடிகுழாய், முட்கம்பி வேலியை அறுக்கும் கருவியாகப் போர்முனைக்குச் சென்றது.

முதலில் எகிப்துக்கெனவே அனுப்ப எண்ணப்பட்ட லாகூர், மீரட் டிவிசன்கள் ஆகஸ்டு இறுதியிற் பிரான்சுக்குத் திருப்பப்பட்டன. அவற்றின் எண்கள் முறையே 3, 7. அதே எண்களையுடைய பிரித்தானிய டிவிசன்களும் அங்கு இருந்தமையின், மயக்கம் நேராதிருக்க ஊர்ப்பெயர்களே வழங்கலாயின. லாகூர் டிவிசனில் பிரோஸ்பூர், ஜலந்தர், சர்ஹிந்து பிரிகேட்டுகளும், மீரட் டிவிசனில் டேராடூன், கட்வால், பரேலி பிரிகேட்டுகளும் அடங்கின. பிரிகேட்டின் நான்கு பற்றாலியன்களுள் ஒன்று பிரித்தானியருடையது; மூன்று இந்தியருடையவை. களப்பீரங்கிகள் முழுவதும் பிரித்தானியர் கையிலேயே இருந்தன. 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பின் மலைப்பீரங்கிகள் நீங்கலாக வேறு பீரங்கிகளை இந்தியரிடம் ஒப்படைக்க அரசு அஞ்சியதே அதற்குக் காரணம். கோரின் தலைவராக நியமிக்கப்பட்டவர் லெப்டினன்ற் ஜெனரல் சேர் ஜேம்சு வில்கொக்சு. 1900இல் மேற்காபிரிக்காவில் முற்றுகையுற்ற குமாசி நகரை மீட்டுப் புகழ்பெற்ற அவர், சிப்பாய்களின் மொழியையும் மனப்போக்கையும் அறிந்தவர். அமைதிக்காலத்தில் இந்தியாவிற் கோர் என்னும் அமைப்பே இல்லாதிருந்தமையின், அவர்தம் அலுவலர் குழு அவசரத்திலேயே திரட்டப்பட்டது.

1914 செப்டெம்பர் 26ஆந் திகதி முதற் பகுதியினர் மார்சேய் துறைமுகத்தில் இறங்கினர். மக்கள் பூக்களோடு வரவேற்றனர். பழைய துப்பாக்கிகள் வாங்கப்பட்டுப் புதியன கொடுக்கப்பட்டன. பயின்றறியாத துப்பாக்கியோடு, கோடைக்குரிய மெல்லிய காக்கி உடையில், சிப்பாய்கள் ஓர்லியன்சு நகரினூடாக வடக்கே சென்றனர். கைக்குண்டோ, அகழிப்போருக்கு வேண்டிய சிறு குண்டெறி பொறியோ அவர்களிடம் இல்லை. சப்பர்கள் பழப்பாகுத் தகரங்களில் வெடிமருந்தை அடைத்துக் கைக்குண்டுகள் செய்தனர். கம்பளி உடைகள் சிறிது சிறிதாகவே வந்தன.

அப்போது ஈப்பர் நகரைச் சூழ்ந்து பெரும்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. வந்த பற்றாலியன்களை ஒன்றுசேரவிடாது, எங்கெங்கு ஓட்டை விழுந்ததோ அங்கங்கு அடைப்பதற்குப் பிய்த்தெடுத்தனர். 57ஆம் வைல்டு துப்பாக்கிப் படையும் 129ஆம் பலூச்சிகளும் பிரித்தானியக் குதிரைப்படையின் கீழ் ஒல்லபேக்கு, மெசின் பகுதிகளில் நிறுத்தப்பட்டன. அக்டோபர் 31இல் ஒல்லபேக்கிலே தன் தோழர் யாவரும் மடிந்த பின்னும் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிநின்ற 129ஆம் பலூச்சிகளைச் சேர்ந்த குதாதாத் கான், விக்ரோரியாச் சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாயானான். அவ்விருது இந்தியருக்கும் உரியதாக்கப்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்தன.

அக்டோபர் 28ஆந் திகதி நடந்தது மேலும் கருதத்தக்கது. நோவ் சப்பேல் என்னும் சிற்றூரை மீட்குமாறு 47ஆம் சீக்கியரும், சப்பர்களின் 20ஆம், 21ஆம் கொம்பனிகளும் ஏவப்பட்டனர். தெருத்தெருவாக, வீடுவீடாகப் பொருது அவர்கள் ஊரினுட் புகுந்தனர். பின்னர்த் துணைப்படை வராமையாற் பின்வாங்க நேர்ந்தது. சென்ற 289 சீக்கியருள் மீண்டோர் 68 பேர். சப்பர்களின் இரு கொம்பனிகளும் தம் பிரித்தானிய அதிகாரிகள் அனைவரையும் இழந்தன. பாலம் அமைக்கவும் அரண் கட்டவும் பயின்ற தொழிலறிஞரைத் துப்பாக்கி முனையோடு தெருச்சண்டைக்கு அனுப்பியமை, ஆட்பஞ்சம் அன்று எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டுகின்றது. இரு நாட்களின் பின் வேறோரிடத்தில், தமக்கு முன்னிருந்த உயரமான பிரித்தானியர் தோண்டிய அகழிகளில், எட்டிப் பார்க்கவும் இயலாது நின்ற 8ஆம் கூர்க்கரின் இரண்டாம் பற்றாலியன், தன் பிரித்தானிய அதிகாரிகளுள் ஏறக்குறைய அனைவரையும் இழந்து அகழியைக் கைவிட்டது. இவையெல்லாம் அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்தவை. குளிர்காலம் அப்போது தொடங்கவேயில்லை என்பதை வாசகர் மனங்கொள்ளுதல் வேண்டும்.

குளிர்காலம் தொடங்கிய பின்னர் இடர் மிகுந்தது உண்மையே. பிளாண்டர்சு நிலம் சிறிது தோண்டியதும் நீர் ஊறும் இயல்பினது. முழங்காலளவு சேற்றில் நின்றோரின் பாதங்கள் அழுகின. இத்துன்பம் அடுத்த அகழியில் நின்ற பிரித்தானியருக்கும் உரியதே. இக்குளிர் கொண்டுசென்ற உயிர்களுள் முதன்மையானது யாருடையது எனின், வியப்பான விடை கிடைக்கும். தம் 'போர்க்குலத்தாரை'க் காண 82ஆம் அகவையிற் கடல்கடந்து வந்த ரோபேட்சு பிரபு, அவர்களைப் பார்வையிட்டபின் நிமோனியாக் காய்ச்சல் கண்டு, நவம்பர் 14இல் சென்ற் ஓமர் நகரில் உயிர்நீத்தார்.

நவம்பர் 23ஆந் திகதி இரவு பெஸ்ருபேர் அருகே இழந்த அகழிகளை மீட்ட போரில் கட்வால் படையின் நாயக் தர்வான் சிங் நேகி விக்ரோரியாச் சிலுவை பெற்றான். டிசெம்பர் 20ஆந் திகதி காலை ஜிவஞ்சி அருகே சர்ஹிந்து பிரிகேட்டின் அகழிகளுக்கு அடியில் ஜேர்மானியர் நிலவெடிகளை வைத்துத் தகர்த்துத் தாக்கினர். ஓய்வின்றி எட்டு வாரங்கள் அகழியில் இருந்த கோர் அதன்பின்னரே ஹேக்கின் முதலாம் கோரினால் விடுவிக்கப்பட்டது. 'இந்தியர் தளர்ந்தனர்' என்னும் கூற்று பெரும்பாலும் இந்நாட்களிலிருந்தே பிறந்தது.

அதனோடு பிறந்தது வேறொரு பழி. கையிற் காயம்பட்டு வருவோர் மிகுந்தமையின், சிப்பாய்கள் தம்மைத்தாமே சுட்டுக்கொள்கின்றனர் என்ற ஐயம் எழுந்தது. அத்தகையோர் சிலர் இருந்தனர், கடுந்தண்டனையும் பெற்றனர். ஆயின் பிரைற்றன் நகரில் இருந்த கிச்சினர் இந்திய மருத்துவமனையின் தலைவர் சேர் புரூசு சீற்றன் 1915இல் 1,000 காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தாமே விளைத்துக்கொண்ட காயங்கள் பெருகியுள்ளன என்பதற்குச் சான்றில்லை என முடிவுசெய்தார். பழி பரவிய அளவுக்கு அம்முடிவு பரவவில்லை.

மருத்துவமனைகளின் அமைப்பு இக்கோரின் வரலாற்றிற் போற்றத்தக்க பகுதி. பிரைற்றனில் அரச மாளிகையே மருத்துவமனையாக்கப்பட்டது. சமயமும் சாதியும் நோக்கி ஒன்பது சமையலறைகள் அமைந்தன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெவ்வேறு நீர்க்குழாய்கள் இருந்தன. இறந்த முஸ்லிம்கள் ஓக்கிங் நகரிற் பள்ளிவாசலுக்கு அண்மையில் அடக்கம்பெற்றனர். இந்துக்களும் சீக்கியரும் பிரைற்றனுக்கு வெளியே புன்னிலக் குன்றுகளின் மேல் தகனஞ்செய்யப்பட்டனர்; 53 பேர் எரியூட்டப்பெற்ற அவ்விடத்தில் வெண்பளிங்காலான 'சத்திரி' 1921இல் திறக்கப்பட்டது. உணவுக்கும் ஈமத்துக்கும் இத்துணை நுணுக்கமாக ஒழுங்குசெய்ய வல்லவரான அரசினர், இறந்தவனின் இடத்தை நிரப்பும் ஒழுங்கைச் செய்ய இயலாதிருந்தமை ஒரு புதிர்.

இனி, நோவ் சப்பேல் பெரும்போரை நோக்குவோம். குளிர் முழுவதையும் கடந்துவந்த இந்தியக் கோர் 1915 மார்ச் 10ஆந் திகதி, பிரித்தானியரின் நான்காம் கோருடன் சேர்ந்து, தான் அக்டோபரில் இழந்த ஊரையே தாக்கியது. அதுவரை கண்டிராத முறையில் பீரங்கிகள் 35 நிமிடம் முழங்கின. காலை 8 மணி 5 நிமிடத்துக்குக் கட்வால் பிரிகேட்டு எழுந்து பாய்ந்தது. 39ஆம் கட்வாலியரின் முதலாம் பற்றாலியன் திசை மாறி, குண்டுபடாத முட்கம்பி வேலியின் முன் சென்று பேரிழப்புற்றது. இரண்டாம் பற்றாலியனோ ஊரினுட் புகுந்தது. கைக்குண்டோடு முன்சென்று அகழிகளைத் துடைத்து அன்றே வீழ்ந்த கபர் சிங் நேகிக்கு இறந்தபின் விக்ரோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. ஊர் கைப்பற்றப்பட்டது. அதன்பின் கட்டளைகள் தாமதித்தமையால் வெற்றியைத் தொடரும் வாய்ப்பு நழுவியது; எறிகுண்டுகளும் குறைந்தன. மூன்று நாட்போரில் இந்தியக் கோரின் இழப்பு மட்டும் 4,200 பேரளவு. குளிரால் ஒடுங்கிய படையொன்று இவ்வாறு பாயுமா என்பதே ஈண்டுக் கேட்கற்பாலது. இவ்வெற்றியின் விலை யாதெனின், கட்வாலியரின் இரு பற்றாலியன்களும் தனித்து நிற்க வலியற்று ஒரே பற்றாலியனாகச் சேர்க்கப்பட்டன. எஞ்சியோரின் வீரம் குன்றியதன்று; எஞ்சியோரே குறைவு.

ஏப்பிரல் மாதம் ஈப்பரில் ஜேர்மானியர் முதன்முறையாகக் குளோரீன் வாயுவைப் பெருமளவில் விடுத்தபோது லாகூர் டிவிசன் அங்கு விரைந்தது. 26ஆந் திகதி அது திறந்த வெளியில் ஏறிச்சென்று தாக்கியபோது வாயு மீண்டும் விடப்பட்டது. முகமூடி எவரிடமும் இல்லை; துணியை நனைத்து மூக்கிற் கட்டிக்கொள்ளுமாறு மட்டுமே சொல்லப்பட்டிருந்தது. சில நாட்களில் அந்த டிவிசன் இழந்தோர் 3,900 பேரளவினர். அதிகாரிகள் வீழ்ந்தபின் எஞ்சியோரைத் திரட்டி நின்று, காயமுற்ற எட்டு அதிகாரிகளைச் சுமந்துவர உதவிய ஜெமதார் மீர் தஸ்த் விக்ரோரியாச் சிலுவை பெற்றார். அவர் அபிரிதிக் குலத்தினர். அவருடைய உடன்பிறந்தாரான ஜெமதார் மீர் மஸ்த் அதற்கு ஏறக்குறைய எட்டு வாரங்களின் முன், மார்ச் மாதத் தொடக்க இரவொன்றில், தம் குலத்தவர் சிலரோடு ஜேர்மானியரிடம் ஓடிச்சென்றிருந்தார். ஒரு வீட்டில் இருவர், ஒரே பதவி, ஒரே போர்முனை. குலத்தைக் கொண்டு வீரத்தையும் விசுவாசத்தையும் அளந்த கொள்கைக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. ஆயினும் அரசு தன் அளவுகோலை மாற்றவில்லை. எல்லைக்கு அப்பாற்பட்ட பட்டாணியரைச் சேர்ப்பதையே நிறுத்திவைத்தது. சேர்ப்பிடம் மேலும் சுருங்கிற்று.

மே மாதத்தில் ஓபேர்ஸ், பெஸ்ருபேர் தாக்குதல்கள் நிகழ்ந்தன. அவற்றின் முடிவில் பல பற்றாலியன்கள் பெயரளவிலேயே பழையனவாக நின்றன. ஒரே பற்றாலியனில் நான்கைந்து வேறு பற்றாலியன்களிலிருந்து வந்த சிறு கூட்டங்கள் இருந்தன, ஒருவரையொருவர் அறியார், அதிகாரியை அறியார், புதிய அதிகாரியும் அவர்தம் மொழியை அறியார். ஊருக்கு எழுதிய கடிதங்கள் தணிக்கையாளர் கைக்குச் சென்றமையால் அவற்றின் பகுதிகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் முறையீடு குளிரைப் பற்றியதன்று. காயம் ஆறியவனையும் மறுபடி முனைக்கே அனுப்புகின்றனர் என்பதே. தம் இடத்திற்கு வர எவருமிலர் என்பதைச் சிப்பாய்கள் தளபதிகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர்.

வில்கொக்சு தம் படையின் நிலையை மேலிடத்துக்குப் பலமுறை எடுத்துரைத்தார். ஹேக்கோடு அவருக்கு மனவேற்றுமை முற்றியது. 1915 செப்டெம்பரிற் பதவியை விட்டு நீங்கினார். மீரட் டிவிசனின் தலைவரான அண்டர்சன் கோரின் தலைமையை ஏற்றார். அம்மாதம் 25ஆந் திகதி லோஸ் பெரும்போருக்குத் துணையாக மீரட் டிவிசன் தாக்கியது. பகைவன் அகழிக்கு அப்பாற் கிடந்த பிரித்தானிய வீரனொருவனை ஒரு பகலும் ஓரிரவும் காத்திருந்து மீட்ட கூர்க்கனாகிய குல்பீர் தாப்பா அன்று விக்ரோரியாச் சிலுவை பெற்றான். இக்கோரின் இந்திய, நேபாளச் சிப்பாய்களுக்குக் கிடைத்த ஐந்தாவது சிலுவை அது.

நவம்பர், டிசெம்பர் மாதங்களில் காலாட்படை மார்சேயிலிருந்து கப்பலேறியது. குதிரைப்படை 1918வரை பிரான்சிலேயே இருந்தது. அக்குதிரைவீரருட் பலரும் அதே பஞ்சாபினரே. குளிர்காலங்கள் பலவற்றை அங்கேயே கழித்தனர். ஆகவே காலாட்படை நீங்கியதற்குக் குளிரையே காரணங்காட்டுதல் பொருந்தாது. மெசப்பொத்தேமியாவில் ஆள் வேண்டியிருந்தது. பிரான்சிலோ ஆள் நிரப்ப வழியில்லை. பதினான்கு மாதங்களில் கோர் இழந்தோர், பிரித்தானியரும் இந்தியருமாக, இறந்தோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர், நோயுற்றோர் எல்லாம் சேர்த்து 34,000 பேருக்கு மேல். முதலில் வந்திறங்கியோர் தொகையினும் இது மிகுதி.

மெசப்பொத்தேமியாவிலும் பழைய கதையே. கூற் நகரில் முற்றுகையுற்றோரை மீட்க விரைந்தமையால், அலுவலர் குழு நிரம்பாமலே, வந்திறங்கிய வரிசையிற் பற்றாலியன்களைச் சேர்த்து, டைகிரிசுக் கோர் என்னும் பெயரில் 1916 ஜனவரியிற் போரில் இறக்கினர். கூற் நகர் ஏப்பிரல் 29இல் வீழ்ந்தது. அதன் பின்னரே இந்தியப் படையின் ஆட்சேர்ப்பு முறை மெல்ல மாறத் தொடங்கியது. ஒதுக்கப்பட்ட குலத்தாருக்கும் நாட்டாருக்கும் கதவு திறந்தது.

நோவ் சப்பேலின் புறத்தே, பழைய நாற்சந்தியருகே, ஹேபேட் பேக்கர் அமைத்த வட்டமான நினைவாலயம் 1927 அக்டோபர் 7ஆந் திகதி திறக்கப்பட்டது. திறந்துவைத்த பேர்க்கன்கெட் பிரபு, போர்க்காலத்தில் எவ்.ஈ. சிமித் என்னும் பெயரோடு இக்கோரின் நிகழ்ச்சிகளைப் பதியும் அதிகாரியாக இருந்தவர்; அதன் வரலாற்று நூலை மற்றொருவருடன் சேர்ந்து எழுதியவர். கல்லறை அறியப்படாதோரின் பெயர்கள் 4,700க்கு மேல் அங்குப் படைவாரியாகப் பொறிக்கப்பட்டுள. 1964இல் வெண்கலப் பலகை ஒன்று சேர்க்கப்பட்டது. சிறைப்பட்டு ஜேர்மனியில் இறந்து, சேரென்ஸ்டோர்ப் என்னுமிடத்தில் அடக்கஞ்செய்யப்பட்ட 200க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. அம்மயானம் அக்காலத்தில் கிழக்கு ஜேர்மனியில் அகப்பட்டுப் பேணுவாரின்றிக் கிடந்தது. பின்னர் 2005இல் அதுவும் புதுப்பிக்கப்பட்டது.